வட்டி கட்டாத அங்கமுத்து

அங்கமுத்து கட்டவேண்டிய பாக்கி நாலு லட்சத்துப் பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். தினமும் கண் விழிப்பதற்கு முன்னாலேயே அந்தத் தொகை அவன் காதுக்கு வந்துவிடும். இடது மணிக்கட்டின் தோலுக்கடியில் பதித்திருந்த கடன் அட்டை மெல்லச் சூடாகும். எலும்பு வழியாக ஒரு பெண்குரல் மேலேறி வரும். "வணக்கம் அங்கமுத்து அய்யா. உங்கள் பாக்கி இவ்வளவு. வட்டி, இல்லை."

நிலாவின் தென்முனைப் பனிக்குழியில் வேலை செய்த அத்தனை பேருக்கும் பொழுது விடிந்தது இப்படித்தான். அங்கே சேவல் கிடையாது. சூரியனும் தலைக்கு மேலே வராது, குழியின் விளிம்பில் மங்கல் பல்பு மாதிரி ஒட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும். ஆளை எழுப்ப அட்டையை விட்டால் வேறு நாதியில்லை.

அங்கமுத்து அந்தக் குரலின் கடைசி வார்த்தைக்காகவே படுக்கையில் கண்மூடிக் காத்திருப்பான். அவன் அப்பன் அந்தியூர் மாட்டுச் சந்தையில் வாங்கிய கடனுக்கு ஆயுசு பூராவும் வட்டி கட்டி, அசல் அசையாமல் இருக்கச் செத்துப்போனவர். பாடை தூக்கும்போது வட்டிக்காரன் வந்து வாசலில் நின்றான். அன்றைக்கு முடிவு செய்தான் அங்கமுத்து, என்ன ஆனாலும் வட்டி என்று ஒரு பைசா கொடுப்பதில்லை என்று. கூலி தேடி நிலாவுக்கே வந்த பிறகும் அந்த வைராக்கியம் குறையவில்லை. நாற்பது வயதுக்கு மேல் முகாமில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதுகூட, அட்டைக்காரன் சொல்லும் தேதிகளைத் தானே பார்த்துக்கொள்ளத்தான்.

பனிக்குழியில் சம்பளம் மாசாமாசம் ஒரே மாதிரி வரும். செலவுக்கு அந்த ஒழுக்கம் கிடையாது. ஒரு மாசம் சோப்பு வாங்கினால் அதுவே பெரிசு. அடுத்த மாசம் மகள் தேன்மொழியின் கல்லூரிக்குக் கட்டணம், ஊரில் கிணற்று மோட்டார் புகைந்துபோனது, தங்கச்சி மகளுக்குச் சீர் என்று மூன்றும் சேர்ந்து வந்து நிற்கும். நிலாவில் இருந்தாலும் தாய்மாமன் தாய்மாமன்தானே. பட்டுச்சேலையும் கொலுசும் தட்டில் இல்லாவிட்டால் சொந்தம் ஒறம்பரை சும்மா விடுமா.

இதற்குத்தான் அட்டை. கணக்கு முடிகிற தேதிக்கு மறுநாள் பொருள் வாங்கினால் ஐம்பது நாள் வட்டியில்லாமல் ஓடும். அதற்குள் கட்டிவிட்டால் தீர்ந்தது. கட்ட முடியாத பெரிய செலவென்றால் 'சமனோட்டம்' என்று ஒரு வசதி. எவ்வளவு பெரிய செலவையும் அட்டை தானே விழுங்கிக்கொண்டு, மாசாமாசம் ஒரே அளவாகப் பிடித்துக்கொள்ளும். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டு நிரவுகிற மாதிரி. அதற்கும் வட்டியில்லை. அங்கமுத்து மூன்று வருஷமாகச் சமனோட்டத்தில் இருந்தான். அவன் கணக்கைப் பார்த்தால் ஏரித் தண்ணீர் மாதிரி இருக்கும். ஒரு அலை கிடையாது.

பக்கத்துப் படுக்கைக்காரன் சென்னிமலைக்கு இதெல்லாம் ஒத்துவரவில்லை. அவன் அங்கமுத்துவுக்கு மாமன் மகன் முறை, வயதில் இளையவன். கையில் கிடைத்ததையெல்லாம் வாங்குவான். ஒரு மாசம் மூன்று சட்டை, மறுமாசம் கடன் சொல்லிச் சோறு. தேதியைத் தவறவிடுவான். வட்டி ஏறும், வட்டிக்கு வட்டி ஏறும், வசூல் குரல் நடுச்சாப்பாட்டில் மணிக்கட்டில் வந்து திட்டும். அவன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டுக்கொள்வான்.

"வட்டியும் வேண்டாங்கறான், காசும் தர்றான். அப்பறம் அவனுக்கு என்ன மாமா லாபம்?" என்று ஒருநாள் கேட்டான்.

"கடைக்காரன் கமிசன் குடுப்பான் மாப்ள. நம்ம கைல இருந்து போகாத வரைக்கும் உனக்கென்ன?"

"அதுக்கில்ல மாமா. நம்மளைக் கண்டு எரக்கப்படறவன் இத்தன தூரம் ராக்கெட்டு ஏறியா வருவான்?"

அங்கமுத்து சிரித்தான். வட்டி கட்டுகிறவன் வட்டி கட்டாதவனைப் பார்த்துப் பேசுகிற பேச்சு அது என்று நினைத்துக்கொண்டான்.

இருவருக்கும் வேலை ஒப்பந்தம் ஒரே நாளில் முடிய இருந்தது. தை மாசம் ஊருக்குக் கலம் புறப்படும். தேன்மொழிக்கு மாப்பிள்ளை பார்த்து, அப்பன் வந்திறங்கும் வாரத்திலேயே முகூர்த்தம் வைத்திருந்தார்கள். மனைவி பாவாயி பத்து நாளைக்கொரு தரம் அவன் அட்டைக்குச் சேதி அனுப்புவாள். தாரை வார்க்க அப்பன் கை வேண்டும், வேறு ஆளை நிறுத்த மாட்டேன் என்று மகள் பிடிவாதமாக இருக்கிறாளாம். பாக்கி இருந்தாலும் பரவாயில்லை, ஊரிலிருந்தும் கட்டலாம். கலத்தில் ஏறினால் போதும்.

ஐப்பசியில்தான் முதல் மாற்றம் தெரிந்தது. ஒரு காலை, அட்டை பாக்கியைச் சொன்னது, வணக்கம் சொல்லவில்லை. இன்னும் சில நாளில் 'அய்யா' போனது. பிறகு பெயரும் போனது. தொகையும் 'வட்டி, இல்லை' என்பதும் மட்டும் எலும்பில் ஏறி வந்து நின்றன. வட்டி இல்லை என்று சொன்ன வரைக்கும் அங்கமுத்து அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்தது சாப்பாட்டுக்கூடம். மணிக்கட்டைக் காட்டினால் சுவரில் சிறு கதவு திறந்து தட்டு வெளியே வரும். அவனுக்குத் திறக்கவில்லை. பின்னால் நின்றவனுக்குத் திறந்தது. சென்னிமலை தன் தட்டிலிருந்து பாதியைத் தள்ளிவிட்டு, "நல்லாக் கட்டறவனுக்கு மருவாதியப் பாரு" என்றான். இரண்டு பேரும் அதைப் பழுது என்றே நினைத்தார்கள்.

அங்கமுத்துவைப் பயமுறுத்தியது வேறொன்று.

பனிக்குழியில் மனிதர்களோடு துணையாட்களும் வேலை செய்தார்கள். துணையாள் என்றால் இயந்திரம். மனிதன் போடும் அதே வெள்ளைக் கவசம், அதே நடை, தலைக்கூட்டின் முன்கண்ணாடி மட்டும் கறுப்பு. உள்ளே கம்பியும் மோட்டாரும் இருப்பதாகக் கேள்வி. அவை பேசாது, உட்காராது. வேலை முடிந்ததும் வரிசையாக நின்று, அடி மாறாமல் நடந்து, தம் பணிமனைக்குள் போய்விடும். மனிதர்கள் யாரும் அந்தப் பக்கம் போனதில்லை. போகத் தோன்றியதும் இல்லை.

அன்று வேலை முடிந்து அங்கமுத்து மனிதர் வாசலை நோக்கி நடந்தபோது, துணையாட்களின் வரிசை நின்றது. நடுவில் இரண்டு ஒதுங்கின. ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டன. பேருந்தில் தெரிந்தவனுக்கு நகர்ந்து இடம் கொடுப்பது மாதிரி. அவன் தாண்டிப் போகும் வரைக்கும் கறுப்புக் கண்ணாடிகள் அவனையே பார்த்தன. பிறகு இடைவெளியை மூடாமலேயே நடந்து போயின. மறுநாளும் அந்த இடம் காலியாகவே வந்தது.

அன்றைக்கே அவன் கணக்குப் பிரிவுக்குப் போனான். அங்கே கண்காணிப்பாளராக இருந்தவள் வசுமதி, பட்டணத்துப் படிப்பாளி. மரியாதையாக உட்காரச் சொன்னாள். கணக்கை விரித்து மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தாள்.

பிறகு பழைய கதையிலிருந்து ஆரம்பித்தாள். குழி திறந்த காலத்தில் ஒப்பந்தக்காரர்கள் இயந்திரங்களை ஆள் என்று வருகைப் பதிவில் எழுதிச் சம்பளத்தை அடித்துக்கொண்டிருந்தார்களாம். ரேகை, குரல், முகம் எதை வைத்தாலும் அதற்கு ஒரு போலி வந்தது. அழச் சொன்னால் இயந்திரம் அழுதது. ஊரையும் பெண்டாட்டியையும் பற்றிக் கேட்டால் மனிதனைவிட உருக்கமாகச் சொன்னது. கடைசியில் நிர்வாகம் ஒன்றைக் கண்டுபிடித்தது. எந்த இயந்திரத்தாலும் செய்ய முடியாதது, தாறுமாறாகச் செலவு செய்வது. இயந்திரத்துக்கு மின்சாரம், உதிரிபாகம், எண்ணெய் என்று மாசாமாசம் ஒரே செலவு. மனிதன் அரிசிக்குக் காசில்லாத மாசத்தில் கொலுசு வாங்குவான். அன்றிலிருந்து ஆள் யார், இயந்திரம் எது என்று பிரிப்பது செலவுக் கணக்கின் மேடுபள்ளத்தை வைத்துத்தான்.

"உங்க கணக்குல மூணு வருஷமா மேடும் இல்ல, பள்ளமும் இல்ல," என்றாள் வசுமதி. "இவ்வளவு ஒழுங்கா ஒரு மனுஷனால இருக்க முடியாதுன்னு கணக்கு சொல்லுது."

"நான் மனுசனுங்கம்மா. உங்க முன்னாடி ஒக்காந்துட்டு இருக்கறனுங்களே."

"நேத்தும் ஒருத்தர் இதே நாற்காலில உட்காந்து இதேதான் சொன்னார். கலத்துல ஏறணும்னா மார்கழி முடியறதுக்குள்ள ஒரு மேடு காட்டுங்க. பெரிசா ஏதாவது செலவு பண்ணுங்க."

அவள் தன் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். அட்டை கோபத்தில் சிவந்து கிடந்தது. ஆறு ஜோடிச் செருப்பு, பாதிக்கு மேல் இன்னும் காலில் போட்டதே இல்லை, மாசாமாசம் வட்டி கட்டுவதாகச் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வெட்கம் இல்லை. பத்திரமாக இருப்பவளின் அமைதி இருந்தது.

வாழ்க்கையில் முதல்முறையாக அங்கமுத்து கண்மண் தெரியாமல் செலவு செய்யக் கிளம்பினான். முகாம் கடையில் மகளுக்கு இரண்டு முகூர்த்தப் பட்டு எடுத்தான். விலை கேட்கவில்லை. வாங்கி முடித்ததும் மணிக்கட்டு இதமாகச் சூடானது. அட்டை அந்தத் தொகையைச் சமனோட்டத்தில் கலந்துவிட்டதாகவும், மாசத் தவணை அப்படியே இருக்கும், காலம் மட்டும் நீளும் என்றும் சொன்னது. வெள்ளிக் குத்துவிளக்கு வாங்கினான். கலந்துவிட்டது. யாருக்கோ பரிசாக ஒரு வண்டியே பதிவு செய்தான். கலந்துவிட்டது. எவ்வளவு உயரமான மேட்டைக் கொண்டுவந்து கொட்டினாலும் அது ஓசையில்லாமல் நிரவிக்கொண்டு, வட்டி இல்லை என்றது.

கட்டாமல் விட்டுப் பார்க்கலாமென்றால் சம்பளம் கைக்கு வருமுன்னே அது எடுத்துக்கொண்டது. சமனோட்டத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்டான். மொத்தப் பாக்கியையும் ஒரே தடவையில் கட்டினால் நிறுத்தலாம் என்றது. அவ்வளவு பணம் இருந்தால் நிலாவுக்கு ஏன் வருகிறான்.

சென்னிமலைக்கு இப்போதுதான் விஷயம் உறைத்தது. அவனே யோசித்து, காதுகுத்து என்று சொல்லி ஒரு மொய் விருந்து ஏற்பாடு செய்தான். காதுகுத்த முகாமில் குழந்தையில்லை. அதனால் சென்னிமலையே அங்கமுத்துவின் மடியில் உட்கார்ந்து காதுகுத்திக்கொண்டான். முகாமில் இருந்த ஊர்க்காரர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அங்கமுத்து தாய்மாமன் முறைக்கு, அட்டை தாங்குகிற மட்டும் மொய் வைத்தான். வைத்து முடித்ததும் எல்லோரும் அவன் மணிக்கட்டையே பார்த்தார்கள்.

அது சூடானது. கலந்துவிட்டது.

"என்ர கடன்ல பாதிய வாங்கிக்க மாமா," என்றான் சென்னிமலை. காதில் ரத்தம் துளிர்த்திருந்தது. "நெசமாத்தான் சொல்றேன். வட்டியோட தர்றேன். ஒரு மாசம் வட்டி கட்டிட்டீன்னா நீ மனுசன்."

வட்டியைக் கொடுக்க மாட்டேன் என்று இருந்த அங்கமுத்து, வட்டியைக் கொடு என்று கை நீட்டினான். அட்டையில் கேட்டார்கள். ஒழுங்காகக் கட்டுகிறவர் பெயருக்கு மாறும் கடனுக்கு வட்டி தள்ளுபடி என்று பதில் வந்தது. நன்மதிப்புச் சலுகையாம்.

மார்கழி முடிந்தது.

கலம் ஏறும் நாளன்று எல்லோரும் கவசம் மாட்டிக்கொண்டு திறந்த வெளியில் வரிசையில் நின்றார்கள். அங்கமுத்துவும் நின்றான். எப்படியாவது கூட்டத்தோடு கூட்டமாக நுழைந்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. அவனுக்கு முன்னால் சென்னிமலை. வாசலில் அவன் மணிக்கட்டை நீட்டியதும் வசூல் குரல் சத்தமாகத் திட்டி, ஊரில் போய் எந்தத் தேதியில் கட்ட வேண்டும் என்று மிரட்டி, கதவைத் திறந்துவிட்டது.

அங்கமுத்து அடுத்த அடியை எடுத்து வைத்தான். கால் வேறு பக்கம் போனது.

முதலில் அவனுக்குப் புரியவில்லை. கவசத்தின் முழங்காலில் இருந்த மோட்டார்கள் தாமாக இயங்கின. அவன் நிற்கப் பார்த்தான், கவசம் நடந்தது. உள்ளே இருந்த காலையும் இழுத்துக்கொண்டு நடந்தது. கண்ணாடி ஓரத்திலிருந்து மெல்ல மெல்லக் கறுத்துக்கொண்டு வந்தது. கத்தினான். ஒலிவாங்கியை அடைத்துவிட்டிருந்தார்கள், அவன் சத்தம் அவன் காதிலேயே மோதியது. கறுப்பு முழுதாக மூடுவதற்கு முன், கலத்தின் படியில் சென்னிமலை திரும்பி நிற்பது தெரிந்தது. ஒரே மாதிரி நின்ற வெள்ளைக் கவசங்களுக்கு நடுவே மாமனைத் தேடினான். தேடி, வேறு யாரோ ஒருவரைப் பார்த்துக் கையை அசைத்துவிட்டு உள்ளே போனான்.

கறுப்புக்குப் பின்னாலிருந்து எல்லாம் மங்கலாகத்தான் தெரிந்தது. வரிசை இடம் விட்டது. கவசம் அங்கமுத்துவைக் கொண்டுபோய் அந்த இடத்தில் நிறுத்தியது. எல்லாம் சேர்ந்து அடி மாறாமல் நடந்தன.

பணிமனை நீளமான கூடம். கதவு மூடி, காற்று நிரம்பும் சத்தம் கேட்டது. இருபுறச் சுவரிலும் ஒரு ஆள் நிற்க மட்டும் இடமுள்ள மாடங்கள். கவசம் அவனை ஒன்றில் பொருத்தியது. மேலிருந்து ஒரு குழாய் இறங்கி, கைக்கு ஒரு தகர டப்பாவைத் தந்தது. டப்பாவின் மேல் 'துணையாள் பராமரிப்பு' என்று எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தான். எண்ணெயைக் குடிக்கச் சொல்கிறார்களா என்று நினைத்தான். தலைக்கூடு தானாகத் திறந்தது. டப்பாவை முகர்ந்தான்.

கம்பங்கூழ். உப்புப் போட்டிருந்தது.

அப்போதுதான் கூடம் முழுக்க ஒரே நேரத்தில் தலைக்கூடுகள் திறக்கிற சத்தம் கேட்டது. அங்கமுத்து தலையைத் திருப்பிப் பார்த்தான். இந்தப் பக்கம் மீசை நரைத்த ஒருவர். அந்தப் பக்கம் கன்னம் ஒட்டிய ஒரு இளைஞன். எதிரே, எதிருக்கு அப்பால், கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் முகங்கள். கம்பியும் இல்லை, மோட்டாரும் இல்லை. எல்லோரும் சத்தமில்லாமல் கூழைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவசரப்பட்டுக் குடிக்கிறவன் ஒருவன் இல்லை, மிச்சம் வைக்கிறவன் ஒருவன் இல்லை.

மீசை நரைத்தவர் உதட்டைத் துடைத்துக்கொண்டார். "உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று கேட்டார். குரல் துருப்பிடித்த கதவு மாதிரி இருந்தது.

"அந்தியூருங்க."

"நமக்குப் பெருந்துறைப் பக்கம். ஒரு தவணை தப்புனதில்லீங்க நானு." அதைச் சொன்னபோது அவர் முகத்தில் பெருமைதான் இருந்தது. "இங்க நிக்கற எல்லாரும் அப்படித்தான். ஒருத்தரும் ஒரு பைசா வட்டி கட்டுனவங்க இல்ல."

"இங்க நெசமான மெசினே இல்லீங்களா?"

அவர் யோசித்தார். "ஆரம்பத்துல ஒண்ணு ரெண்டு இருந்துச்சாம். ரிப்பேர் செலவு கட்டுபடியாகலைன்னு நிறுத்திட்டாங்களாம்."

அங்கமுத்துவின் மணிக்கட்டு கடைசியாகச் சூடானது. பூமியிலிருந்து ஒரு சேதி, வழியில் தாமதமாகி இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது. பாவாயியின் குரல். பின்னால் தவில்காரனோடு யாரோ விலை பேசுகிற சத்தம், சின்னப்பிள்ளைகள் ஓடுகிற சத்தம், ஈயப் பாத்திரம் உருள்கிற சத்தம்.

"ஏனுங்க, கப்பல் ஏறியாச்சுங்களா? இங்க செலவு கைக்கு அடங்க மாட்டேங்குதுங்க, ஒரு நாளு பாத்தாப்புல ஒரு நாளு இல்ல. நீங்க சொல்லுவீங்கல்ல, அந்த அட்டைக்காரங்க ஊருக்கே வந்துட்டாங்க. தெருவுல எல்லாரும் வாங்கிட்டாங்க, நானும் வாங்கிட்டேனுங்க. நம்ம தேனுக்கும் மாப்பிள்ளைக்கும் சேத்தே போட்டுக் குடுத்துட்டாங்க, கல்யாணப் பரிசாம். வட்டியே கிடையாதாம். மாசாமாசம் ஒரே மாதிரி கட்டுனாப் போதுமாம். வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருக்கறனுங்க, வந்துருங்க."

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். வாங்காதே என்று சொல்ல வேண்டும், வாங்கியிருந்தால் ஒரு மாசமாவது கட்டாமல் விடு என்று சொல்ல வேண்டும், தேதியைத் தப்பவிடச் சொல்லி மகள் காலிலாவது விழவேண்டும். அதற்குள் எலும்பு வழியாக அந்தப் பெண்குரல் ஏறி வந்தது. முன்னைப்போல வணக்கம் சொல்லவில்லை. பனிக்குழி நிர்வாகம் இந்தத் துணையாளை விலைக்கு வாங்கிக்கொண்டது என்றும், மீதமிருந்த கடன் எவ்வளவோ அதுவே விலை என்றும், மேற்கொண்டு ஒரு ரூபாயும் சேர்க்கவில்லை என்றும் சொன்னது.

பாக்கி தீர்ந்தது என்றது. அட்டை ஆறிப்போனது.